கவுட் வலி திரும்பாமல் இருக்க மாத்திரை: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். யூரிக் ஆசிட் மாத்திரை வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷம் முழுக்க ஏறக்குறைய இவைதான். கூட்ட நேரத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு இன்னும் விளக்கியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதனால் நிதானமாக எழுதுகிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவர் எழுதித் தந்ததை எப்படிப் பத்திரமாகச் சாப்பிடுவது என்பதை மட்டும்தான் நான் சொல்கிறேன்.

கவுட் என்பதும் வாதம் என்பதும் ஒன்றா?

ஊரில் மூட்டு வலி எல்லாவற்றையும் வாதம் என்றுதான் சொல்கிறோம். கவுட் அதில் தனி ரகம். நம் உடம்பில் செல்கள் அழியும்போதும், சில உணவுகள் செரிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேறுவது குறைந்தால் ரத்தத்தில் சேரும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. அந்தப் படிகம் மூட்டுக்குள் போய் உட்காருகிறது. பெரும்பாலும் முதலில் மாட்டுவது கால் கட்டைவிரல். ராத்திரி நன்றாகத் தூங்கப் போனவர் விடியற்காலையில் போர்வை பட்டாலே அலறுவார். விரல் சிவந்து, வீங்கி, தொட்டால் கொதிக்கும்.

ஆண்களுக்குத்தான் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரலாம்.

வலி மாத்திரை போட்டால் நாலு நாளில் சரியாகிவிடுகிறது. அப்புறம் எதற்குத் தினமும் இன்னொரு மாத்திரை?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு முக்கியமானது இதுதான். வலியை அடக்கும் மருந்து வேறு, வலி வராமல் தடுக்கும் மருந்து வேறு. டைக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப், கோல்சிசின், ஸ்டீராய்டு எல்லாம் மூட்டில் எரிகிற நெருப்பை அணைக்கின்றன. உள்ளே உட்கார்ந்திருக்கும் படிகத்தை அவை ஒன்றும் செய்வதில்லை. அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் போன்றவை யூரிக் ஆசிட் உண்டாவதையே குறைக்கின்றன. ரத்தத்தில் அளவு தொடர்ந்து குறைவாக இருந்தால், படிந்த படிகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். அதனால்தான் வலி இல்லாத நாளிலும் அதைச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

என் மாமனார் குழித்தறியில் லுங்கி நெய்தவர். மிதிக்கட்டையை நாள் முழுக்கக் காலால் அழுத்தும் வேலை. கட்டைவிரல் வீங்கினால் அன்றைக்குத் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் வலி வந்தவுடனே கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி குழியில் இறங்கிவிடுவார். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே பல வருஷமாக இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை வந்த வலி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஆனது. கணுக்கால், முழங்கால் என்று ஏறியது. காது மடலில் சுண்ணாம்பு போல ஒரு சிறு கட்டி, யூரிக் ஆசிட் படிகம் சேர்ந்தது. ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. அத்தனை வருஷம் அவர் விழுங்கிய வலி மாத்திரைக்கு அதில் பங்கு உண்டு என்று டாக்டர் சொன்னார். தடுக்கும் மாத்திரையை அவர் தொடங்கியது அதற்கப்புறம்தான். பத்து வருஷம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 8 என்று வந்திருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. மாத்திரை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அளவு கூடியிருப்பது மட்டும் கவுட் ஆகாது. அப்படி உள்ளவர்களில் நிறையப் பேருக்குக் கடைசிவரை வலியே வருவதில்லை. முழு உடம்புப் பரிசோதனை என்று எடுத்துவிட்டு, அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நேராகக் கடைக்கு வந்து மாத்திரை கேட்காதீர்கள்.

வருஷத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வந்தவர்கள், கட்டி விழுந்தவர்கள், எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருப்பது தெரிந்தவர்கள், இவர்களுக்குத் தினசரி மாத்திரை தேவை. முதல் முறை வலி வந்தவருக்கே சிறுநீரக நோய் இருந்தாலோ, யூரிக் ஆசிட் கல் இருந்தாலோ, அளவு 9-க்கு மேல் இருந்தாலோ டாக்டர் தொடங்கச் சொல்லலாம்.

இன்னொன்று. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தம் எடுத்தால் அளவு நார்மலாகக் காட்டக்கூடும். அதைப் பார்த்து கவுட் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வலி அடங்கி இரண்டு வாரம் போல் ஆன பிறகு மறுபடி பார்ப்பார்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வலி கூடியது. நிறுத்திவிடட்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அளவு குறையக் குறைய பழைய படிகங்கள் கரைந்து அசைகின்றன. அந்த அசைவே மூட்டைக் கிளப்பிவிடும். முதல் சில மாதங்களில் இப்படி வருவது எதிர்பார்த்ததுதான். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

என் மாமனார் மூன்றாவது வாரத்தில் வலி வந்ததும் அட்டையைத் தூக்கி எறிந்தார். "இது வலியைக் கூட்டுற மாத்திரை" என்றார். முதலிலேயே யாராவது அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் எறிந்திருக்க மாட்டார். வீட்டிலேயே இருந்த நான்கூடச் சொல்லத் தவறிவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இப்போது அலோபியூரினால் முதல் முறை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் அட்டையை நீட்டுவதில்லை.

இந்த வலியைத் தடுக்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை குறைந்த அளவில் கோல்சிசினோ வேறொன்றோ சேர்த்து எழுதுவார்கள். சீட்டில் அது இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். நடுவில் வலி வந்துவிட்டால் அதற்குத் தனியாக மருந்து எடுத்துக்கொண்டு, தினசரி மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் மூட்டு வீக்கத்தோடு குளிர் ஜுரமும் இருந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு 100, பக்கத்து வீட்டுக்காரருக்கு 300. அவருடையதை வாங்கிச் சாப்பிட்டால் சீக்கிரம் குறையுமா?

அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்குவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 50. பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எடுத்த எடுப்பில் பெரிய அளவு சாப்பிட்டால் இரண்டு ஆபத்து. ஒன்று, மேலே சொன்ன வலி. இன்னொன்று, அடுத்த பதிலில் சொல்லப்போகும் ஒவ்வாமை.

போய்ச் சேர வேண்டிய யூரிக் ஆசிட் எண் 6-க்குக் கீழே. கட்டி விழுந்தவர்களுக்கு 5-க்குக் கீழே கொண்டுபோகச் சொல்வார்கள். சிலர் 100-லேயே அங்கே வந்துவிடுவார்கள், சிலருக்கு 300 போதாது. 100-லேயே மூன்று வருஷமாக நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். ரத்தமும் எடுக்கவில்லை, அளவும் ஏற்றவில்லை, வலி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியாக யூரிக் ஆசிட் எப்போது பார்த்தோம் என்று நினைவில்லையென்றால் இந்த வாரமே பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டாது.

உடம்பில் சின்னதாகத் தடிப்பு. அரிப்பு மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் "நிறுத்தாதீர்கள்" என்று சொல்கிற நான் இதற்கு மட்டும் "நிறுத்துங்கள்" என்கிறேன். இந்த மருந்து அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள். தோல் சிவப்பாகத் தடித்து, ஜுரம் வந்து, வாய்க்குள்ளும் கண்ணிலும் புண்ணாகி, தோல் உரிந்து, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

சாதாரணத் தடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் எது சாதாரணம், எது இல்லை என்று கவுன்டரில் நின்று என்னால் சொல்ல முடியாது. ஜுரம், வாய்ப்புண், கண் சிவப்பு இதில் ஒன்று சேர்ந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். கையில் மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவில் தொடங்குவது இந்த ஆபத்தையும் குறைக்கிறது. ஒரு முறை இப்படி வந்தவர்கள் வாழ்நாளில் மறுபடி இதைத் தொடக்கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

மேலே சொன்ன அபூர்வமான ஒவ்வாமையை விட்டால், கெடுக்காது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பது உண்மை. அது கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் பொருந்தும். சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது அடிக்கடி சாப்பிடும் வலி மாத்திரைதான். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயிற்றில் புண்ணும் உண்டாக்கும். இந்தப் பயத்தில் அலோபியூரினாலை விட்டுவிட்டு மாதம் இரண்டு அட்டை டைக்ளோஃபினாக் வாங்கிப்போகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கோல்சிசினை வலி போகிறவரை சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாமா?

கூடவே கூடாது. நம் மாநில மலரான செங்காந்தள் தெரியும் இல்லையா, கார்த்திகைப் பூ என்போம். வேலியில் படர்ந்து நெருப்பு மாதிரிப் பூக்கும். அந்தச் செடியில் இருப்பது இந்த மருந்துப் பொருள்தான். விதையிலிருந்து கோல்சிசின் எடுப்பதற்காகவே திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். அதே கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பதும் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே அவ்வளவு குறுகிய இடைவெளி.

முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்று சாப்பிடச் சொல்வார்கள். இப்போது அந்த முறை இல்லை. குறைந்த அளவே அதே பலனைத் தருகிறது என்று தெரிந்துவிட்டது. வலி தொடங்கியவுடன் சாப்பிட்டால்தான் நன்றாகக் கேட்கும். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அளவு அதிகமாகிவிட்டது என்று உடம்பு சொல்கிறது. நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் விஷமாகும். இந்த மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வேறு மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும் சேர்த்து. பலர் காசு கொடுத்து வாங்குவதை மட்டும்தான் மருந்து என்று கணக்குச் சொல்கிறார்கள்.

கோல்சிசின் சாப்பிடுகிறவர்கள் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்க்கக் கூடாது. சளிக்கு ஐந்து நாள் கோர்ஸ்தானே என்று நினைக்கலாம், உயிர் போன சம்பவங்கள் உண்டு. சில பூஞ்சை மருந்துகள், வெராபமில், டில்டியாசெம், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. கொழுப்பு மாத்திரையோடு சாப்பிடும்போது தசை வலியோ, கால் பலவீனமோ தெரிந்தால் சொல்லுங்கள். அலோபியூரினாலோடு அமாக்சிசிலின் சேர்ந்தால் தோல் தடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது.

பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும். லோசார்டன் கொஞ்சம் இறக்கும். மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், நீங்களாக மாற்றக் கூடாது. இதயத்துக்குச் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரினும் லேசாக ஏற்றும், ஆனால் அதை நிறுத்துவது பெரிய ஆபத்து. காசநோய்க்குத் தரும் பைராசினமைடும் ஏற்றும். அந்தக் கோர்ஸையும் பாதியில் விடக் கூடாது.

வேலூரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் நம் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்குத் தரும் சில மருந்துகளே யூரிக் ஆசிட்டை ஏற்றும், கவுட்டும் வரும். அவர்களில், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் அசதயோபிரின் சாப்பிடுகிறவர்கள், மாற்று சிகிச்சை செய்த டாக்டருக்குத் தெரியாமல் அலோபியூரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ தொடவே கூடாது. அசதயோபிரினை உடம்பு உடைக்கும் ஒரு வழியை இந்த மாத்திரைகள் அடைத்துவிடும். மருந்து தேங்கி, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். இதில் ஒரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலை ஆராய்ந்தது, ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்று உடம்பில் சீக்கிரம் உடைந்துவிடாமல் தடுக்கத்தான். அதே குணம் யூரிக் ஆசிட்டையும் குறைப்பது தெரிந்து, 1966-இல் கவுட் மருந்தாக வந்தது. இருவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு எதற்காகத் தேடினார்களோ, அதுவே இன்று அசதயோபிரினோடு சேரும்போது ஆபத்தாகிறது.

ஃபெபுக்ஸோஸ்டாட் இதயத்துக்கு ஆகாதா?

2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களில் அலோபியூரினால் சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களிடம் இதய மரணம் சற்று அதிகமாகத் தெரிந்தது. அதனால் 2019-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை போட்டது. 2020-இல் ஐரோப்பாவில் வந்த இன்னொரு ஆய்வில் அப்படித் தெரியவில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல மாற்று.

கத்தரிக்காய், தக்காளி, பருப்பு எல்லாம் விட்டுவிட்டேன். இன்னும் வலிக்கிறதே?

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஊரில் இருந்துகொண்டு கத்தரிக்காயைப் பழி சொல்வது எனக்கு ஆகவே ஆகாது. அதில் பியூரின் மிகக் குறைவு. பருப்பு, கீரை, காளான் சாப்பிடுவதால் கவுட் கூடுவதாகவும் தெரியவில்லை. ஆம்பூர் பிரியாணி சாப்பிடும்போது தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயை ஒதுக்காதீர்கள், கறியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரல், மூளை, மண்ணீரல், நெத்திலி, மத்தி, இறால் இவைதான் அதிகம் ஏற்றும். பீர் ரொம்பவே மோசம், மற்ற மதுவும் அப்படித்தான். பாட்டிலில் வரும் இனிப்புக் குளிர்பானமும் ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது. மோர் நல்லது.

ஆனால் பத்தியத்தால் குறைவது கொஞ்சம்தான். யூரிக் ஆசிட்டில் பெரும்பகுதி உடம்பே உண்டாக்குவது. 9-இல் இருக்கிறவர் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் சாப்பாட்டை மட்டும் வைத்து 6-க்குக் கீழே வருவது அரிது. பத்தியம் இருந்தும் வலி வந்தால் அது உங்கள் தவறு இல்லை.

வெயில் காலத்தில் அதிகமாக வருகிறது. ரம்ஜான் நோன்பு வைக்கலாமா?

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் தோல் பதனிடும் ஷாப்பிலும், செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றி யூரிக் ஆசிட் ஏறுகிறது, கல்லும் சேருகிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு இது பொருந்தாது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் நோன்புக்கு முன்பு இதைக் கேட்பார்கள். அலோபியூரினால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் என்றால், நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். இரவிலிருந்து, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் வரைக்கும் விட்டு விட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாட்டு மருந்துப் பொடி ஒன்று ஒரே நாளில் கேட்கிறது. அதையே தொடரலாமா?

ஒரே நாளில் கேட்பதுதான் எனக்குச் சந்தேகம். பெயர், தயாரித்தவர், உரிம எண் எதுவும் இல்லாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நடக்கிறது. வலி மாயமாகப் போகும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கத்து மருந்தையும் இருவரிடமும் சொல்லுங்கள். பல மாதம் பொட்டலம் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, உங்கள் டாக்டரிடமோ போங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டேன்.

நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய ஒன்று மட்டும், இரண்டாகச் சேர்க்க வேண்டாம். வாரக்கணக்கில் விட்டிருந்தால் பழைய 300-ஐ நீங்களாகத் தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள். பெரும்பாலும் மறுபடி கீழிருந்து ஏற்றுவார்கள்.

எத்தனை வருஷம் சாப்பிட வேண்டும்?

பிரஷர் மாத்திரை மாதிரிதான், நீண்ட காலத்துக்கு. நிறுத்தினால் யூரிக் ஆசிட் சில வாரத்திலேயே பழைய எண்ணுக்குப் போய்விடும். ஆனால் வலி உடனே வராது. அதுதான் ஏமாற்றுகிறது. நிறுத்தி எட்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு ராத்திரி சுருண்டு விழுகிறவர்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

என் மாமனார் இரண்டாம் முறை கோல்சிசின் துணையோடு தொடங்கினார். முதல் நான்கு மாதத்தில் ஒரே ஒரு முறை வலி வந்தது, அப்போது அட்டையை எறியவில்லை. காது மடல் கட்டி கரையக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தையில் ஒன்று, ஆடியில் ஒன்று என்று நாள் வைத்து யூரிக் ஆசிட்டும், கிரியேட்டினினும், கல்லீரல் சோதனையும் எடுக்கிறோம். கடைசியாக எடுத்ததில் 5.2.